சுகார்த்தோ 32 ஆண்டுகள் ஆட்சியில் நீடித்தது எப்படி?

கேள்வி இதுதான்: "இந்தோனேசியாவின் சுகார்த்தோ பேச்சாளர் இல்லை, கட்சி நடத்தியவர் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. ராணுவத்தில் இருந்து வந்த ஒருவர் 32 ஆண்டுகள் எப்படி அதிபராக நீடித்தார்? நாட்டை வளர்த்தவர் என்று ஒரு கூட்டம், கொலைகாரர் என்று இன்னொரு கூட்டம். இதில் எது உண்மை?"

இரண்டும் உண்மைதான். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிட முடியாது. அவருக்கு ஆட்சியைக் கொடுத்தது 1965ல் நடந்த படுகொலை. அதை 32 ஆண்டுகள் அவர் கையிலேயே வைத்திருந்தது, பணத்தைத் திரட்டி ஆள் பார்த்துப் பங்கிடும் திறமை. அந்தத் திறமையை அவர் அதிபரான பிறகு கற்கவில்லை. 1950களில் செமராங் நகரத்தில் கர்னலாக இருந்தபோதே கற்றுக்கொண்டார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1965ல் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிறந்தது 1921 ஜூன் 8, மத்திய ஜாவாவில் யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்தில் கெமுசுக் என்ற கிராமம். அப்பா ஊர்ப் பாசனத் தண்ணீரைக் கவனிக்கும் சிறிய அலுவலர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். பள்ளிப்படிப்பு முடிந்து ஒரு கிராம வங்கியில் எழுத்தர் வேலை, அதுவும் நிலைக்கவில்லை. 1940ல் டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார். 1942ல் ஜப்பான் வந்ததும் டச்சுப் படை சரணடைந்தது. ஜப்பானியர் போலீஸிலும், அப்புறம் அவர்கள் உருவாக்கிய பெட்டா என்ற உள்ளூர்ப் படையிலும் சேர்ந்தார். 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலை இயக்கத் தலைவர்கள் சுகர்ணோவும் (நாட்டின் முதல் அதிபர் இவர்தான்) ஹட்டாவும் சுதந்திரத்தை அறிவித்தபோது புதிய குடியரசின் ராணுவத்துக்கு வந்தார். ஐந்தே வருடத்தில் மூன்று கொடிகள். அந்தத் தலைமுறை அதிகாரிகள் பலருக்கும் இதுதான் பாதை. அதனால் இதை வைத்து மட்டும் அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல மாட்டேன்.

விடுதலைப் போரில் அவர் பெயர் அடிபட்டது 1949 மார்ச் 1 அன்று. டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த யோக்யகர்த்தாவுக்குள் குடியரசுப் படை திடீரென்று புகுந்து ஆறு மணி நேரம் நகரத்தைத் தன் கையில் வைத்திருந்தது. குடியரசு இன்னும் சாகவில்லை என்று வெளியுலகத்துக்குக் காட்டிய தாக்குதல் அது. களத்தில் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் சுகார்த்தோ. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அதிபரான பிறகு, யோசனை முதல் வெற்றி வரை எல்லாமே அவருடையது என்று பள்ளிப் பாடத்தில் எழுதினார்கள். யோசனை யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவுடையது என்பது பழைய ஆட்கள் பலரும் சொன்னது. 2022ல் இந்த நாளைத் தேசிய நாளாக அறிவித்த அதிபர் ஆணையில் சுல்தான் பெயர் இருந்தது, சுகார்த்தோ பெயர் இல்லை. அதுவும் சரியான வரலாறு இல்லை. களத்தில் நின்றவர் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.

சரி, செமராங்குக்கு வருவோம். 1950களின் பின்பாதியில் சுகார்த்தோ மத்திய ஜாவாவின் டிப்போனெகோரோ படைப்பிரிவுக்குத் தளபதி. தலைமையகம் செமராங். ஜகார்த்தாவில் இருந்து வந்த பணம் படைவீரர்களின் சாப்பாட்டுக்கும் குடியிருப்புக்குமே போதவில்லை. அன்றைய இந்தோனேசியாவில் எல்லாப் பிராந்தியத் தளபதிகளுக்கும் இதே தலைவலி. சுமத்ராவில் ரப்பர், சுலவேசியில் கொப்பரை என்று ஆளாளுக்குக் கிடைத்ததை ஏற்றுமதி செய்து செலவைச் சமாளித்தார்கள். சுகார்த்தோ அதை ஒழுங்காகச் செய்தார். படைப்பிரிவின் பெயரில் அறக்கட்டளைகளைத் தொடங்கினார். வியாபாரிகளிடம் வசூல், சரக்குகள் மீது கட்டணம், எல்லாம் அந்த அறக்கட்டளைகளுக்குப் போனது. சர்க்கரையைக் கப்பலில் சிங்கப்பூர் பக்கம் அனுப்பி, பதிலுக்கு அரிசி கொண்டுவரும் பண்டமாற்றும் நடந்தது. இந்த வேலைகளில் அவரோடு நின்ற வியாபாரிகள் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லியெம் சியோ லியோங், சீனாவின் ஃபூஜியனில் இருந்து வந்து கூடூஸ் ஊரில் கிராம்பு வியாபாரம் பார்த்தவர், படைக்குச் சரக்கு கொடுத்தவர். இன்னொருவர் பாப் ஹசன், ஜெனரல் கத்தோட் சுப்ரோத்தோவின் வளர்ப்பு மகன்.

1959ல் இது பிடிபட்டது. ராணுவத் தலைமைத் தளபதி நசுத்தியோன் ஊழல் விஷயத்தில் கறாரான ஆள். சுகார்த்தோவைப் பொறுப்பில் இருந்து இறக்கினார். வேலையே போயிருக்க வேண்டும்; கத்தோட் சுப்ரோத்தோ குறுக்கே வந்ததால் தப்பி, பாண்டுங்கில் உள்ள ராணுவ உயர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். தண்டனையாகப் போன இடத்தில்தான் ராணுவம் அரசியலிலும் நிர்வாகத்திலும் நேரடியாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைப் பேசும் அதிகாரிகளோடும், பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்களோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னால் அவர் ஆட்சியின் இரண்டு தூண்களாக ஆனவர்கள் இவர்கள். மூன்றாவது தூண் லியெமும் ஹசனும். 1959லேயே மூன்றும் தயார்.

அடுத்த சில வருடங்களில் ஏறுமுகம்தான். 1962ல் டச்சுக்காரர்களிடம் இருந்து மேற்கு இரியானை, அதாவது மேற்குப் பப்புவாவை, மீட்க அமைத்த மண்டாலா படைத்தலைமை, அப்புறம் கோஸ்ட்ராட் எனப்படும் மையச் சேமப் படையின் தளபதிப் பதவி. 1963க்குப் பிறகு சுகர்ணோ மலேசியாவோடு மோதல் நடத்தியபோது, அந்த மோதலில் பொறுப்பில் இருந்துகொண்டே தன் உளவு அதிகாரி அலி முர்த்தோபோ மூலம் மலேசியத் தரப்போடு ரகசியமாகப் பேச்சு நடத்தினார். வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று. அவரோடு வேலை பார்த்தவர்களே கடைசிவரை அவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார்கள்.

1965 வாக்கில் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. விலைவாசி கட்டுக்கடங்கவில்லை, அடுத்த ஆண்டு பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியது. இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சி முப்பது லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டது. சோவியத், சீனக் கட்சிகளுக்கு அடுத்து உலகத்திலேயே பெரியது. ராணுவத்துக்கும் அந்தக் கட்சிக்கும் நடுவில் சுகர்ணோ நின்று இரண்டையும் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்டோபர் 1 விடிவதற்கு முன், அதிபரின் காவல் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் உன்துங் தலைமையில் சில துருப்புகள் ராணுவத் தலைமையைப் பிடிக்கக் கிளம்பின. தலைமைத் தளபதி யானி உட்பட ஆறு ஜெனரல்கள் கொல்லப்பட்டார்கள். உடல்களை லுபாங் புவாயா என்ற இடத்தில் ஒரு பழைய கிணற்றில் போட்டார்கள். நசுத்தியோன் சுவர் ஏறிக் குதித்துப் பக்கத்தில் இருந்த ஈராக் தூதர் வீட்டு வளாகத்துக்குள் போய்த் தப்பினார். அவருடைய ஐந்து வயது மகள் குண்டடிபட்டு, சில நாளில் இறந்தாள். பிடிக்க வேண்டியவர்கள் பட்டியலில் சுகார்த்தோ பெயர் இல்லை. சதிக்காரர்களில் ஒருவரான கர்னல் லத்தீஃப், முந்தைய இரவு ராணுவ மருத்துவமனையில் சுகார்த்தோவைப் போய்ப் பார்த்திருக்கிறார். சுகார்த்தோவின் கடைசி மகன் டாமி சூடான சூப் கொட்டி வெந்துபோய் அங்கே படுத்திருந்தான். தான் முன்கூட்டியே தகவல் சொன்னதாக லத்தீஃப் பிற்பாடு கூறினார். இதையெல்லாம் வைத்து, முழுச் சதியும் சுகார்த்தோவுடையது என்று சொல்வோர் உண்டு. அதை நிரூபிக்க ஆதாரம் இல்லை. அதை நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை என்பது என் எண்ணம். அந்த நாளுக்குப் பிறகு அவர் செய்ததற்கு ஆதாரம் மலை போலக் கிடக்கிறது.

அன்று பகலில் ஜகார்த்தாவின் மெர்தேகா சதுக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள், ஆள் யாரென்று புரியும். சதிக்காரர்கள் இரண்டு பட்டாலியன்களைச் சதுக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். எதிரிலேயே கோஸ்ட்ராட் தலைமையகம். காலையில் இருந்து அந்த வீரர்களுக்குச் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. சுகார்த்தோ சுடச் சொல்லவில்லை. அந்த பட்டாலியன்கள் அவர் முன்பு கையாண்ட படைகளில் இருந்து வந்தவை, அதிகாரிகள் தெரிந்த முகங்கள். ஆளனுப்பி உள்ளே கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு பட்டாலியன் அவர் பக்கம் வந்தது, இன்னொன்று விமான தளத்துக்குப் பின்வாங்கியது. இரவுக்குள் வானொலி நிலையம் அவர் கையில். மறுநாள் காலை கர்னல் சார்வோ எதியின் கமாண்டோக்கள் ஹாலிம் விமான தளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தலைநகரில் பெரிய சண்டையே இல்லாமல் ராணுவம் முழுவதும் அவர் பிடிக்குள் வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கொலைகளில் ஒன்று. ஜெனரல்களின் உடல்கள் சிதைக்கப்பட்டன, இடதுசாரிப் பெண்கள் அமைப்பினர் ஆடிப் பாடி அவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று ராணுவப் பத்திரிகைகள் எழுதின. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. அந்த அறிக்கை சுகார்த்தோ உத்தரவில் தயாரானது, அவர் கைக்கே போனது. பொய் என்று தெரிந்தும் பொய்யை ஓட விட்டார். அக்டோபர் கடைசியில் மத்திய ஜாவா, அப்புறம் கிழக்கு ஜாவா, டிசம்பரில் பாலி. கமாண்டோக்கள் போன இடமெல்லாம் கொலை வேகம் பிடித்தது. ராணுவம் பட்டியல் கொடுத்தது, லாரி கொடுத்தது. உள்ளூர் இளைஞர் அமைப்புகளை ஆயுதத்தோடு ஏவியது. அமெரிக்கத் தூதரகமும் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியலைத் தந்தது. குறைந்தது ஐந்து லட்சம் பேர், பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பாலியில் மட்டும் சுமார் 80,000 பேர், அதாவது தீவின் மக்களில் இருபதில் ஒருவர். மக்கள் ஆவேசத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்று அரசு பல காலம் சொல்லிவந்தது. ஆச்சேயில் பின்னாளில் கிடைத்த ராணுவ ஆவணங்கள் அந்தக் கதையை உடைத்துவிட்டன. உத்தரவு மேலிருந்துதான் வந்திருக்கிறது.

உயிர் பிழைத்தவர்களையும் விடவில்லை. லட்சக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் சிறையில். சுமார் 12,000 பேர் புரு தீவில் காடு வெட்டி வயல் உண்டாக்க அனுப்பப்பட்டார்கள். எழுத்தாளர் பிரமூதியா அனந்த தூர் 1965ல் கைதாகி 1979ல்தான் வெளியே வந்தார். பதினான்கு ஆண்டு, ஒரு வழக்குகூட இல்லை. வெளியே வந்தவர்களின் அடையாள அட்டையில் முன்னாள் அரசியல் கைதி என்பதற்கான இரண்டு எழுத்துகளைக் குத்தினார்கள். அந்த இரண்டெழுத்து இருந்தால் அரசு வேலை இல்லை, ஆசிரியர் வேலை இல்லை. பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும்கூட ராணுவத்திலும் அரசிலும் கதவு மூடியது. 1965ல் பிறந்தே இராத பிள்ளைகள் இவர்கள். இதை எந்த வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக் கழிப்பது?

1966 மார்ச் 11 அன்று போகோர் அரண்மனையில் மூன்று ஜெனரல்கள் சுகர்ணோவைச் சந்தித்து, ஒழுங்கை நிலைநாட்ட சுகார்த்தோவுக்கு அதிகாரம் தரும் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வந்தார்கள். மறுநாளே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. அந்தக் கடிதத்தின் மூலப்படி இன்றுவரை கிடைக்கவில்லை. நாட்டின் ஆட்சியையே மாற்றிய காகிதம் காணாமல் போய்விட்டது. 1967 மார்ச்சில் தற்காலிக அதிபர், 1968 மார்ச்சில் முழு அதிபர். ஒரே நாளில் சுகர்ணோவைத் தூக்கியெறியாமல் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினார், ஒவ்வொரு படிக்கும் சட்டப் பூச்சு பூசினார். வீட்டுக் காவலில் இருந்த சுகர்ணோ 1970 ஜூன் 21 அன்று இறந்தார்.

இனி வளர்ச்சிக் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் ஏன் நீடித்தார் என்பது புரியாது. விட்ஜோயோ நித்திசாஸ்திரோ, அலி வர்தானா போன்ற பொருளாதார வல்லுநர்களிடம் கஜானாவைக் கொடுத்தார். இவர்களில் பலர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்தவர்கள். மூன்றே வருடத்தில் பணவீக்கம் அடங்கியது. 1967ல் அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. பப்புவாவின் செம்புச் சுரங்கம் அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட்டுக்குப் போனது. 1973ல் எண்ணெய் விலை ஏறியதும் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு கிராமத்துக்குப் போனது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1973 தொடங்கி ஆறு ஆண்டுக்குள் 61,000க்கு மேல் ஆரம்பப் பள்ளிகள் கட்டினார்கள். சுகாதார நிலையங்கள், குடும்பக் கட்டுப்பாடு, சாலைகள் எல்லாம் வந்தன. 1970ல் பத்தில் ஆறு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. 1996ல் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்தது.

அரிசி விஷயத்தில் அவருக்குத் தனி அக்கறை உண்டு, கிராமத்தில் பிறந்தவர் என்பதால் அது வெறும் நடிப்பு இல்லை என்று நினைக்கிறேன். 1970களில் உலகத்திலேயே அதிக அரிசி இறக்குமதி செய்த நாடு இந்தோனேசியா. புதிய நெல் ரகம், மலிவு உரம், பாசனம், நெல்லுக்கு அடிப்படை விலை என்று தொடர்ந்து செலவு செய்து 1984ல் தன்னிறைவு. மறுவருடம் ரோமில் ஐநா உணவு, வேளாண்மை அமைப்பின் கூட்டத்தில் அவரை அழைத்துப் பேச வைத்தார்கள். உடனே ஒரு சோதனை வந்தது. நம் டெல்டா விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே புகையான் பூச்சி ஜாவா வயல்களைத் தின்னத் தொடங்கியது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது, ஏனென்றால் மருந்து முதலில் கொன்றது புகையானைத் தின்னும் சிலந்திகளை. வேளாண் அறிவியலாளர்கள் சொன்னதைக் கேட்டு 1986ல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தார் சுகார்த்தோ. மருந்து மானியத்தையும் படிப்படியாக வெட்டினார். விவசாயிகளுக்கு வயலிலேயே பாடம் நடத்தும் பள்ளிகள் வந்தன. பூச்சி அடங்கியது. அதிகாரம் முழுவதும் ஒரே கையில் இருக்கும் ஆட்சி, அந்தக் கை சரியான ஆளின் பேச்சைக் கேட்டால், எவ்வளவு வேகமாக நல்லதும் செய்யும் என்பதற்கு இது உதாரணம். அதே கை மகன் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

தேர்தலே இல்லாத சர்வாதிகாரம் இல்லை அது. 1971, 1977, 1982, 1987, 1992, 1997 என்று ஆறு தேர்தல் நடந்தது, ஆறிலும் அரசின் கோல்கார் அமைப்புக்கு 60 சதவீதத்துக்கு மேல். ஏற்பாடு இப்படி: 1973ல் எல்லாக் கட்சிகளையும் இரண்டாகச் சேர்த்துக் கட்டினார்கள். இஸ்லாமியக் கட்சிகள் ஒன்று, தேசியவாதிகளும் கிறிஸ்தவர்களும் இன்னொன்று. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களை ஒரே கூரைக்குள் அடைத்ததால் அவர்கள் சண்டை ஓயவில்லை. கிராமத்தில் கட்சிக் கிளை வைக்கக் கூடாது. தேர்தல் வந்தால் மட்டும் பிரச்சாரம். ஆனால் கிராமத் தலைவரும் ஆசிரியரும் கோல்கார் ஆள்தான், அரசு ஊழியர் அத்தனை பேரும் கோல்காருக்கே விசுவாசமாக இருந்தாக வேண்டும். ராணுவமோ தலைநகரில் இருந்து கிராமம் வரை ஒவ்வொரு மட்டத்திலும் நிர்வாகத்துக்குப் பக்கத்தில் தன் ஆளை உட்கார வைத்திருந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மக்கள் ஆலோசனைப் பேரவையில் பாதிப் பேர் மக்கள் ஓட்டால் வந்தவர்களே இல்லை. ஏழு முறை அந்தப் பேரவை அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒருமுறைகூட எதிர்த்து ஒருவர் நிற்கவில்லை.

ஒத்துவராதவர்களுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். 1969ல் மேற்குப் பப்புவாவின் எதிர்காலத்தை முடிவு செய்ய ராணுவம் தேர்ந்தெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து வாக்கெடுப்பு நடத்தி, ஒருமனதாக இணைந்ததாக அறிவித்தார்கள். 1975 டிசம்பர் 7 அன்று கிழக்குத் திமோர் மீது படையெடுப்பு. அமெரிக்க அதிபர் ஃபோர்டும் கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவில் அவரைச் சந்தித்துவிட்டுப் போன மறுநாள். அடுத்த 24 ஆண்டில் அங்கே குறைந்தது ஒரு லட்சம் பேர் குண்டுக்கும் பசிக்கும் நோய்க்கும் பலியானார்கள் என்று திமோரின் உண்மை ஆணையம் கணக்கிட்டது. 1983 முதல் ரவுடிகள் என்று சொல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோர் மர்மமாகச் சுடப்பட்டு, உடல்கள் தெருவோரம் கிடந்தன. அதிர்ச்சி வைத்தியம் என்று 1989ல் வந்த தன் வரலாற்றில் சுகார்த்தோவே அதை நியாயப்படுத்தினார். 1994ல் டெம்போ வார இதழுக்குப் பூட்டு, 1996ல் சுகர்ணோவின் மகள் மேகவதியைக் கட்சித் தலைமையில் இருந்து இறக்கி அலுவலகத்தின் மீதே தாக்குதல்.

இப்போது செமராங்கின் அந்த இரண்டு வியாபாரிகளைப் பார்ப்போம். லியெமுக்கு கிராம்பு இறக்குமதி உரிமை, அப்புறம் கோதுமை மாவு. அரசு நிறுவனம் கோதுமையை இறக்குமதி செய்து லியெமின் போகசாரி ஆலையில் அரைக்கக் கொடுக்கும். மாவில் இருந்து நூடுல்ஸ் வரை அவர் குழுமம் கையில். நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியும் அவருடையது. பாப் ஹசன் பிளைவுட் ஏற்றுமதிக்கு ராஜா. போர்னியோக் காடுகள் அந்த வழியாகத்தான் போயின. செமராங் அறக்கட்டளைகளின் இடத்தில் இப்போது அதிபரே தலைவராக இருந்த அறக்கட்டளைகள். அரசு வங்கிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்று அரசாணையே போட்டார்கள். மாணவர்களுக்கு உதவித்தொகை, மசூதி கட்ட நிதி என்று அதில் இருந்து கொடுத்தார்கள், உண்மை. ஆனால் பெரும் தொகை குடும்பத்தாரும் நண்பர்களும் நடத்திய நிறுவனங்களுக்குத் திரும்பியது.

ஜெனரல்களும் வியாபாரிகளும் பங்கு போட்டுக்கொண்டவரை இந்த ஏற்பாடு ஓடியது. ஆறு பிள்ளைகள் வளர்ந்து களத்தில் இறங்கியதும் பங்கு குலைந்தது. மூத்த மகள் துதுத்துக்குச் சுங்கச் சாலைகள், மகன் பம்பாங்குக்கு பெட்ரோகெமிக்கல், தொலைக்காட்சி. டாமி கிராம்பு கொள்முதலுக்கு ஏகபோகம் வாங்கி, விலை சரிந்து விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள். 1996ல் டாமியின் தேசிய கார் திட்டத்துக்கு வரிவிலக்கு. கார்கள் கொரியாவின் கியாவில் செய்து கப்பலில் வந்தவை. அதே ஆண்டு ஏப்ரலில் மனைவி தியென் இறந்துபோனார். பிள்ளைகளை அதட்டி வைக்க இருந்த ஒரே ஆள் அவர்தான் என்று நெருங்கியவர்கள் சொன்னார்கள். பழைய ஜெனரல்கள் குடும்ப வியாபாரத்தைப் பற்றி வாய் திறந்தால் ஓரம் கட்டப்பட்டார்கள். எழுபத்தைந்து வயதில் அவரைச் சுற்றி உண்மை சொல்ல ஆள் இல்லை.

1997 மே தேர்தலில் கோல்காருக்கு 74 சதவீதத்துக்கு மேல், அதுவரை இல்லாத வெற்றி. ஒரே வருடத்தில் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி ஆகஸ்டில் இந்தோனேசிய நாணயமான ரூபியாவைப் பிடித்தது. டாலருக்கு சுமார் 2,400 ஆக இருந்தது, ஜனவரியில் 10,000ஐத் தாண்டி மேலே போனது. டாலரில் கடன் வாங்கியிருந்த கம்பெனிகள் ஒரே அடியில் திவால். ஐஎம்எஃப் எனப்படும் சர்வதேச நாணய நிதியம் சொல்லி நவம்பரில் 16 வங்கிகளை மூடினார்கள். அதில் பம்பாங்குடைய வங்கியும் ஒன்று. சில நாளில் வேறு ஒரு வங்கியை வாங்கி அதே கட்டடத்தில் கடை திறந்தார் அவர். அன்றோடு சந்தையில் யாரும் அரசாங்கத்தின் வார்த்தையை நம்பவில்லை. 1998 ஜனவரி 15 அன்று சுகார்த்தோ குனிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, ஐஎம்எஃப் தலைவர் காம்தெஸ்ஸு கைகட்டி மேலே நின்று பார்க்கும் புகைப்படம் உலகம் முழுவதும் வந்தது. பல இந்தோனேசியர்களுக்கு அது காலனி நாளை நினைவூட்டியது. ஐஎம்எஃப் வைத்தியமும் தவறுகள் நிறைந்தது, மூடிய வங்கிகளால் பீதி கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் எந்த மருந்து கொடுத்திருந்தாலும் பலித்திருக்காது. சீர்திருத்தம் என்ற ஒவ்வொன்றும் போய் முட்டியது அவர் வீட்டு வாசலில்.

மார்ச்சில் ஏழாவது முறை பதவியேற்று, மகள் துதுத்தையும் பாப் ஹசனையும் அமைச்சர்கள் ஆக்கினார். செமராங்கில் கூட இருந்தவர் நாற்பது வருடம் கழித்து வர்த்தக, தொழில்துறை அமைச்சர். மே 4 அன்று எரிபொருள் விலையை ஏற்றினார்கள். மே 12ல் ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மூன்று நாள் நகரம் எரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் எரியும் வணிக வளாகங்களுக்குள் சிக்கிய ஏழைகள். சீன வம்சாவளிக் கடைகள் குறிவைத்துச் சூறையாடப்பட்டன, அந்தச் சமூகத்துப் பெண்கள் பலர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார்கள். முப்பது வருடமாக சீன எழுத்தையும் பெயரையும் பண்டிகையையும் ஒடுக்கி, அதே நேரத்தில் சில சீனப் பணக்காரர்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஆட்சியின் விலையை அந்தச் சாதாரணக் குடும்பங்கள் கொடுத்தன.

சுகார்த்தோ அப்போது கெய்ரோவில் மாநாட்டில். 15ஆம் தேதி திரும்பினார். 18ஆம் தேதி மாணவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளும் கூரை மேலும் நிறைந்திருக்க, அவருடைய நீண்டகாலத் தகவல் அமைச்சராக இருந்து அவைத் தலைவர் ஆன ஹர்மோகோவே பதவி விலகச் சொன்னார். 20ஆம் தேதி இரவு 14 அமைச்சர்கள் புதிய அமைச்சரவையில் சேர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 21ஆம் தேதி காலை 9 மணிக்கு சுகார்த்தோ ராஜினாமா கடிதத்தை வாசித்தார். துணை அதிபர் ஹபீபி அந்த இடத்திலேயே பதவியேற்றார்.

தண்டனை கிடைத்ததா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. 2000ல் அறக்கட்டளைகள் வழியாக 57 கோடி டாலர் சுருட்டியதாக வழக்கு வந்தது, உடல்நிலை சரியில்லை என்று நீதிமன்றம் கைவிட்டது. 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை கொள்ளையடித்திருக்கலாம் என்று 2004ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் மதிப்பிட்டது. 1965 கொலைகளுக்கு வழக்கே இல்லை. டாமி மட்டும் சிறைக்குப் போனார், தனக்குத் தண்டனை விதித்த உச்ச நீதிமன்ற நீதிபதியை ஆள் வைத்துக் கொன்றதற்காக. 15 ஆண்டுத் தண்டனையில் 2006லேயே வெளியே வந்துவிட்டார். சுகார்த்தோ 2008 ஜனவரி 27 அன்று இறந்தார், சோலோவுக்குப் பக்கத்தில் குடும்பக் கல்லறையில் அரச மரியாதையோடு அடக்கம். 2015ல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஓர் அறக்கட்டளை 4.4 டிரில்லியன் ரூபியாவை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மே 1998க்கு முன் மாணவப் போராளிகளைக் கடத்திய விவகாரத்தில் ராணுவத்தில் இருந்து நீக்கப்பட்ட மருமகன் பிரபோவோ சுபியாந்தோ, 2024 பிப்ரவரியில் தேர்தலில் வென்று, அக்டோபரில் அதிபர் ஆனார்.

2025 நவம்பர் 10 அன்று பிரபோவோ அரசு சுகார்த்தோவுக்குத் தேசிய வீரர் பட்டம் கொடுத்தது. அதே நாளில் அதே பட்டம் மர்சினாவுக்கும் கிடைத்தது. கிழக்கு ஜாவாவில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் அவர். 1993ல், சுகார்த்தோ ஆட்சியில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சில நாளில் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். கொன்றவர்கள் இன்னும் தண்டிக்கப்படவில்லை. அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய பெயரை வரலாற்றுப் புத்தகத்தில் சுகார்த்தோவுக்குக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மர்சினா பெயர் இருக்கும் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்திருக்கவே கூடாது.